கடல் எழுதி வைத்த ஏடு

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பாடாலூருக்கு அருகே கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலம். கடற்கரை இங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும், கடலைக் காண்பதற்கென்றே நாம் இவ்வூர்களுக்குச் சென்றோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் இங்கே அலைவீசிய கடல், தன் வரலாற்றைக் கல்லில் எழுதி வைத்துச் சென்றிருக்கின்றது.

நம்மோடு வந்தவர்கள் பங்கின் மாணவர் சிலரும் அறிவியல் ஆசிரியர் இருவரும். பயணத்திற்குக் காரணம், மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாணவி எழுப்பிய வினா. “தொடக்கநூல் ஆறு நாள் என்கிறது, பாடநூல் கோடிக்கணக்கான ஆண்டுகள் என்கிறது. தேர்வில் ஒன்றை எழுதிவிட்டு உள்ளத்தில் வேறொன்றை வைத்துக்கொள்ளலாமா, சுவாமி?” என்று அவள் கேட்டாள். விளையாட்டாகக் கேட்ட கேள்வி அன்று. பல வீடுகளில் பிள்ளைகள் வாய்விட்டுக் கேளாமல் உள்ளத்தில் சுமந்து திரியும் கேள்வி. இதற்கு விடை கிடைக்காதபோது, சிலர் அறிவியலை வெறுக்கின்றனர். வேறு சிலர் ஆலயத்தை விட்டே அகன்று போகின்றனர்.

காரையை அடைந்ததும் நிலத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது. புல் பூண்டற்ற களிமண் மேடுகளை மழைநீர் அறுத்து ஆயிரம் ஓடைகளாக்கியிருக்கின்றது. மண்ணுக்குள் ஜிப்சம் படலங்கள் கண்ணாடிச் சில்லுகள்போல் மின்னுகின்றன. குனிந்து பார்த்தால், துப்பாக்கிக் குண்டு வடிவிலான சிறு கற்கள் கிடக்கின்றன. இவை பெலம்னைட் எனும், கணவாய் இனத்துக்கு உறவான உயிரியின் உட்கூட்டின் பகுதிகள். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்டு கிடப்பவை அம்மோனைட்டுகள். இமயமலைச் சாரலில் கண்டகி ஆற்றில் கிடைத்து, இந்துப் பெருமக்கள் சாளக்கிராமம் எனப் போற்றிப் பூசிக்கும் கற்களிலும் இவ்வினத்தின் சுவடே காணப்படுகின்றது.

இப்பகுதியின் தனிச்சிறப்பு யாதெனில், பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதே. பழைய அடுக்கு மேற்கிலும், அதன்மேல் படிந்த புதிய அடுக்கு கிழக்கிலுமாக வெளிப்பட்டுள்ளன. எனவே ஊட்டத்தூரிலிருந்து அரியலூரைக் கடந்து கிழக்கே செல்பவர், ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தினின்று 6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்துக்கு, ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுபோல் நடந்து வருகின்றார். உலகில் இத்தகைய வாய்ப்பு எல்லா ஊருக்கும் கிட்டுவதன்று.

இந்த ஏட்டை முதலில் படித்தோர் அயல்நாட்டு அறிஞர்கள். இங்கும் புதுவைப் பகுதியிலும் சேகரித்த சிப்பிகளை எட்வர்ட் பார்ப்ஸ் 1846-இல் விவரித்தார். சார்லஸ் டார்வின் தம் உயிரினத் தோற்ற நூலை 1859-இல் வெளியிட்ட காலத்தை ஒட்டி, என்றி பிளான்போர்டு இவ்வூர்களின் பாறைகளை ஆராய்ந்து அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். பின்னர் மொராவியா நாட்டவரான ஸ்டொலிச்கா இங்குள்ள உயிரெச்சங்களைப் பெருநூல்களில் விவரித்தார். அதே மொராவியாவில்தான் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபு விதிகளைக் கண்டறிந்து 1866-இல் அச்சிட்டார். பண்புகள் தலைமுறைதோறும் கடத்தப்படுவது எவ்வாறு என்று டார்வினுக்கு விளங்காதிருந்த புதிருக்கு ஒரு துறவியின் தோட்டத்தில் விடை கிடைத்தது!

கருடமங்கலத்தில் சிப்பிகள் நெருங்கிச் செறிந்த சுண்ணப்பாறை உண்டு. மெருகிட்டால் பளபளக்கும் இதனைத் திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என அழைத்தனர். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கும் மரத்தை 1940-இல் புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். ஊசியிலை மர வகையைச் சார்ந்த இது, பூக்கும் மரங்கள் பெருகுமுன் வாழ்ந்தது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் பருத்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டுக்காக வெட்டி எடுக்கின்றனர். நம் வீட்டுச் சுவரிலும் பழங்கடலின் ஓடுகள் கலந்திருக்கலாம்!

இனி இக்கற்கள் கூறும் சான்றைக் கேட்போம். ஊட்டத்தூர் அடுக்கில் கோபுரம்போல் திருகி எழும் அம்மோனைட் உண்டு. அரியலூர் அடுக்கில் அது இல்லை. இங்கோ, கைத்தடிபோல் நேராக நீண்ட வேறோர் இனம் காணப்படுகின்றது. அடுக்கு மாற மாற இனங்களும் மாறுகின்றன. ஒருமுறை மறைந்த இனம் பின்னர் மீள்வதில்லை. இன்னும் கிழக்கே நின்னியூர் அடுக்குக்கு வந்தால், அம்மோனைட்டுகளைக் காணவே முடியாது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்குமுன் விண்கல் மோதியதோடு நேர்ந்த பேரழிவில் அவ்வினம் முற்றும் அழிந்தது. ஆனால் அதன் உறவான நாட்டிலஸ் குடும்பத்தின் ஓடு அந்நின்னியூரிலேயே கிடைக்கின்றது. அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களில் நீந்துகின்றன.

இவ்வொழுங்கு தற்செயலாய் அமையுமோ? எல்லா உயிர்களும் ஒரே வேளையில் இன்றைய வடிவில் தோன்றி ஒரே வெள்ளத்தில் புதைந்திருப்பின், காரையின் களிமண்ணில் ஒரு மாட்டெலும்பேனும் அம்மோனைட்டுக்கு அருகே கிடைக்க வேண்டுமன்றோ? ஒன்றும் கிடைக்கவில்லை. உலகின் பிற நாட்டுப் பாறைகளும் இதே வரிசையைக் காட்டுகின்றன. இக்காலத்தில் உயிரணுக்களின் மரபுப் பொருளை ஒப்பிடும் ஆய்வும், உயிர்கள் ஒரே மரத்தின் கிளைகளே என்று சான்று பகர்கின்றது.

திருச்சபை இதைக் கண்டு அஞ்சவில்லை. இயற்கையைப்பற்றி அறியாமல் பேசி மறைநூலை நகைப்புக்கு இடமாக்கலாகாது எனப் புனித அகுஸ்தினார் அன்றே எச்சரித்தார். மனித உடலின் தோற்றத்தை இவ்வழியில் ஆராய்வதற்குத் தடையில்லை. ஆன்மாவையோ இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்று பாப்பிறை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் தெளிவுபடுத்தினார். பாப்பிறை இரண்டாம் அருள் சின்னப்பர் 1996-இல், படிமலர்ச்சிக் கொள்கை வெறும் கருதுகோள் நிலையைக் கடந்துவிட்டது என ஏற்றுரைத்தார். தொடக்கநூல் படைத்தவர் யார், எதற்காக என்று கற்பிக்கின்றது. எவ்வழியில், எவ்வளவு காலத்தில் என்பதைப் பாறை கற்பிக்கின்றது. இவ்விரண்டும் ஒரே ஆசிரியரின் நூல்கள். எனவே பிள்ளைகள் தேர்விலும் உள்ளத்திலும் ஒரே உண்மையை எழுதலாம்.

ஆனால் பாறை நூலின் பக்கங்கள் கிழிந்து வருகின்றன என்பது வருத்தத்துக்குரியது. கல்லமேட்டில் கிடைத்து 1980களில் விவரிக்கப்பட்ட பிருகத்காயோசாரஸ் எனும் மாபெரும் உயிரியின் எலும்புகள் பின்னர் நொறுங்கி அழிந்துபோயின. இன்று எஞ்சியிருப்பவை வரைபடங்களும் நிழற்படங்களுமே. காரைக்குச் செல்வோர் ஆளுக்கொரு கல்லைப் பையிலிட்டு வந்தால், நாளைய பிள்ளைகள் வெறுங்களிமண்ணையே காண்பர். கல் எந்த அடுக்கில் கிடந்தது என்பதே அதன் முகவரி. முகவரி இழந்த கல் ஊமையாகிவிடும். எனவே கண்ணால் காண்க, கையால் எடுக்கற்க. சேகரித்த எச்சங்களைக் காண விரும்புவோருக்கு அரியலூரை அடுத்த வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கின்றது.

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்குத் திருப்பயணம் செல்லும் குடும்பங்களே, அத்தலமும் இதே அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. அடுத்த முறை ஒரு நாளைக் கூட்டி, பிள்ளைகளைக் காரை மேட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள். மாலை வெயிலில் ஓடைக் கரையில் நின்று, பதினொரு கோடி ஆண்டுகளை நோக்கட்டும். இத்தனை பொறுமையோடு படைக்கும் இறைவனின் திருமுன் தலை வணங்குவது அவர்களுக்கு எளிதாகும்.