அறிவு 8... விவேகம் 15!

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு, பசங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவது ஞாபகம் இருக்கும். அந்த விளையாட்டுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி அந்தக் கதைக்குள் நுழைவார்கள்.

போன மே மாதம் மேகமலைக்குச் சித்தி வீட்டுக்குப் போனபோது தங்கைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். சித்தி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். லைன் வீட்டில் போன் சிக்னல் கிடைக்காது. தங்கைக்கு அப்போதுதான் பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது, 600-க்கு 371. சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த சொந்தக்காரர்கள், தண்ணீர் குடிக்கும் முன்பே கேட்டது அதைத்தான்.

கதாபாத்திரத்துக்கு ஆறு திறன்கள் உண்டு என்றேன். வலிமை, லாவகம், தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம்.

"இதுலயும் மார்க்காக்கா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பழைய முறைப்படி, ஒவ்வொரு திறனுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். குறைந்தது 3, அதிகபட்சம் 18 (மேகமலை வளைவுகளின் எண்ணிக்கை!). மூன்றும் ஆறாக விழ 216-ல் ஒரு வாய்ப்புதான். பெரும்பாலும் 10-ஐ ஒட்டியே விழும். லூடோ பகடையை உருட்டினோம். அவளுக்கு அறிவு 8, விவேகம் 15.

"பாத்தியா, இங்கேயும் ஃபெயிலு."

இங்கே பாஸ் மார்க்கே கிடையாது. இப்போதைய விதிப்படி, 10-க்கு மேல் ஒவ்வொரு இரண்டுக்கும் ஒரு புள்ளி கூடும். கீழே போனால் அதே கணக்கில் குறையும். 18 என்றால் கூட்டல் 4. எட்டு என்றால் கழித்தல் 1. அவ்வளவுதான். எதையாவது செய்து பார்க்கும்போது 20 முகப் பகடையை உருட்டி, அந்தப் புள்ளியைச் சேர்க்க வேண்டும். எங்களிடம் அந்தப் பகடை இல்லை. டம்ளரில் 20 சீட்டு போட்டுக் குலுக்கினோம். ஒரு புதிரை விடுவிக்க 15 வேண்டும் என்று வையுங்கள். அறிவு 18 உள்ளவருக்கே பாதி வாய்ப்புதான். 8 உள்ளவருக்குக் கால்வாசி. அவள் எடுத்த சீட்டு 4. புதிர் விடுபடவில்லை. சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"அறிவும் விவேகமும் ஒண்ணுதானேக்கா?" என்றாள். இல்லை. படித்ததை நினைவில் வைப்பது, யோசித்துக் கண்டுபிடிப்பது அறிவு. சுற்றி நடப்பதைக் கவனிப்பது, எதிரில் இருப்பவரின் மனதைப் படிப்பது விவேகம்.

"அப்ப அம்மாவுக்கு விவேகம் 18" என்றாள் சட்டென்று. புதருக்குள் காட்டுமாடு நிற்பதை வாடையிலேயே சொல்லிவிடுவாராம் சித்தி. எஸ்டேட் தராசுக்கு அதெல்லாம் தெரியாது. அது கொழுந்தைத்தான் நிறுக்கும்.

பகடையே உருட்டாத ஒரு முறையும் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே ஆறு எண்கள்: 15, 14, 13, 12, 10, 8. எதை எந்தத் திறனுக்கு வைப்பது என்பது நம் இஷ்டம். அவளுக்குப் பிடித்தது இதுதான். அடுத்த ஆட்டத்துக்கு 15-ஐ மறுபடியும் விவேகத்துக்கே வைத்தாள். எட்டை வசீகரத்தில் தள்ளிவிட்டாள். "வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சிரிச்சுப் பேசணும்னு இவளுக்கு அவசியமில்ல" என்றாள்.