பூசணம்

முடிச்சூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வெள்ளம்தான் காலண்டர். 2015 டிசம்பர், அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம். அடையாற்றுத் தண்ணீர் வடிந்த பிறகு வீட்டில் மிஞ்சுவது பூசணம். பக்கத்து வீட்டு அக்கா பிளீச்சிங் பவுடர் வாளியோடு வந்து என் சுவரைப் பார்த்துவிட்டு, "இது போவாது தம்பி, மேல பெயின்ட் அடிச்சாலும் உள்ள இருந்து வரும்" என்றார். அந்தக் கருப்புப் புள்ளிகளைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் நான் கடலுக்குள் இறங்கினேன்.

கடலடியில் இருக்கும் பாறைத் திட்டை நம் மீனவர்கள் 'பார்' என்கிறார்கள். அங்கேதான் மீன் அடையும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழகக் கடலோரத்தில் பல இடங்களில் செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறது. கான்கிரீட் முக்கோணங்கள், கிணற்று உறை மாதிரியான வளையங்கள். தூத்துக்குடி அருகே கரைந்துகொண்டிருக்கும் வான் தீவைக் காக்கவும் துளையிட்ட கான்கிரீட் அமைப்புகளைப் போட்டிருக்கிறார்கள்.

வெறும் கான்கிரீட் யாருக்கும் வீடில்லை. அதை வீடாக்குவது ஒரு வழுவழுப்பு. கடலில் இறங்கிய சில நிமிடங்களில் கரிமப் பொருட்கள் ஒட்டுகின்றன, சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள், சில நாட்களில் டயாட்டம்கள். இந்த உயிர்ப்படலத்தின் வேதிக் குறிப்புகளை உணர்ந்துதான் பவளங்களின், சிப்பிகளின் இளம் உயிரிகள் உட்காரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கின்றன. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் போன்ற இடங்களில் இதே படலம் ஒரு தொல்லை. கருவியில் ஒட்டினால் கேடு, பாரில் ஒட்டினால் வரவு.

இந்தப் படலத்துக்குள் பூஞ்சைகளும் உண்டு. இழையாக ஊடுருவி, செத்ததைச் சிதைத்து, அடுத்தவருக்கு உணவாக்குகின்றன. உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது 2017இல் வந்த ஒரு மதிப்பீடு. கடல் பூஞ்சைகளில் பெயர் வைத்தது சுமார் 2000தான். இத்தனைக்கும் கடலோரப் பூஞ்சை நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. 1945இல் சார்டினியாவின் காலியாரி நகரில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் ஜுசெப்பே ப்ரோட்சு கண்டெடுத்த பூஞ்சையிலிருந்துதான் செஃபலோஸ்போரின் மருந்துகள் வந்தன. நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் செஃபலெக்சின் கேட்டு வாங்குகிறவர் அந்தச் சாக்கடைக்கும் கடன்பட்டவர்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. படலத்தைச் சுரண்டி, டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்கிற பகுதியைப் படித்து யார் யார் என்று சொல்லிவிடலாம். கடல் மாதிரிகளில் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் அடிக்கடி வருகின்றன. ஈரச் சுவரில் வளர்கிற அதே பேரினங்கள்! ஆனால் மழைத் தண்ணீரில் அடித்து வந்து தூங்கும் வித்துக்கும் டிஎன்ஏ இருக்கிறது. அது குடியிருக்கிறதா, வந்து போகிறதா? சீக்கிரம் சிதைந்துவிடும் ஆர்என்ஏவைப் பார்த்தால் ஓரளவு தெரியும். கொரல்லோஸ்போரா மாதிரி சிலவற்றில் சந்தேகமே இல்லை. மணற்துகளில் ஒட்டி வாழும், அதன் வித்துகள் அலை நுரையில் சேரும். அசல் கடல்வாசி.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் ஆராய்ச்சி விஷயமாகத் தோன்றவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. நம் சாக்கடையும் கூடவே போகிறது. கரீபியக் கடலில் 1990களில் கடல்விசிறிப் பவளங்களை நோயாக்கியது ஆஸ்பெர்ஜில்லஸ் சிடோவி. நிலத்து மண்ணிலும் வாழ்கிற பூஞ்சை அது. எங்கிருந்து வந்தது என்ற விவாதம் நெடுநாள் ஓடியது.

செயற்கைப் பார் வெற்றியா என்று கேட்டால் மீன் கணக்கைக் காட்டுவார்கள். மீனவருக்கு அது சோறு, அந்தக் கணக்கு வேண்டும்தான். அதோடு இன்னொன்றும் வேண்டும். அடுத்த கான்கிரீட்டை இறக்குவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் இயற்கைப் பாரிலிருந்து ஒரு சுரண்டல் எடுத்து, குளிர்பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். பழைய பாரில் யார் இருந்தார்கள் என்று தெரியாமல், புதிய பாரில் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?