பேரு வெச்சேன்... சோறு வெச்சேனா?

உங்க ப்ராஜெக்ட்டுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க பாஸ்? நான் வெச்ச பேரு 'டுபாக்கூர்'!

காலேஜ் பஸ் நம்ம ஸ்டாப்புக்கு எப்போ வரும்னு கணிச்சுச் சொல்ற புரோகிராம் அது. பாதி நாள் தப்பாவே சொன்னதால ஃப்ரெண்ட்ஸ் சூட்டின பட்டம். கிட்ஹப் ரெப்போவுக்கும் அதையே வெச்சேன். பார்த்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. செம கெத்து!

அப்புறம் ஒரு இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ. கேள்வி கேட்டவர் ரெப்போவைத் திறந்தார். பேரைப் பார்த்து அவரும் சிரிச்சார். அப்பாடா! "மழை நாள்ல நேரம் தப்பா வந்துச்சுன்னீங்களே, அதை எந்த இடத்துல சரி பண்ணீங்க?"

கோட்ல கை வைக்கும்போதெல்லாம் என்ன மாத்தினோம்னு ஒரு வரி எழுதுவோமே... அந்தக் கமிட் மெசேஜ் லிஸ்ட்டை உருட்டினேன். 'முருகா காப்பாத்து', 'சத்தியமா இதான் கடைசி', 'சத்தியமா இதான் கடைசி 2', 'தூக்கம் வருது'... கீழே போகப் போக வியர்த்துக் கொட்டிடுச்சு. நான் எழுதினது எனக்கே புரியலை. அந்த இடம் கிடைக்கலை.

கிண்டல் பேருதான் வில்லனா? அப்படின்னா நாம எல்லாரும் கோட் சேமிக்கிற 'கிட்' எப்படி ஜெயிச்சது? 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினது. பிரிட்டிஷ் பேச்சுவழக்குல 'கிட்'னா எரிச்சல் மூட்டுற மண்டு. 'என் ப்ராஜெக்ட்டுக்கெல்லாம் என் பேருதான். முதல்ல லினக்ஸ், இப்போ இது'ங்கிற மாதிரி தன்னையே கலாய்ச்சுக்கிட்டார் மனுஷன். அதோட கையேடு இன்னிக்கும் அதை 'முட்டாள்' கருவின்னுதான் அறிமுகப்படுத்துது. ஆனா, அந்த ஒரு வரியோட ஜோக் ஓவர். அப்புறம் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கம் பக்கமா விளக்கம். லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு மாற்றம் அனுப்பணும்னாலும் என்ன, ஏன்னு தெளிவா எழுதியாகணும்.

பேரே வாசலை மறிக்கிற கதையும் உண்டு. படம் திருத்துற 'கிம்ப்' மென்பொருளோட பேரு, ஆங்கிலத்துல மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்துற சொல்லும்கூட. அதனால 2019-ல் சிலர் பிரிஞ்சு போய் 'கிளிம்ப்ஸ்'னு ஆரம்பிச்சாங்க. 2021-ல் அது நின்னுபோச்சு. 'கிம்ப்' பேரு மாறலை, சங்கடமும் போகலை.

ஸோ, நம்மளை நாமே கலாய்ச்சுக்கலாம். அடுத்தவங்களைக் குத்தக் கூடாது. விவரம் இருக்கவேண்டிய வரியில காமெடி கூடவே கூடாது.

'டுபாக்கூர்' பேரை நான் மாத்தலை. ஆனா எது சரியா வரும், எங்கே தப்பும்னு ரீட்மீயோட முதல் வரியிலேயே எழுதிட்டேன். நேத்து ராத்திரி பழக்க தோஷத்துல 'முருகா'ன்னு டைப் பண்ணிட்டு, அழிச்சுட்டு, 'மழை நாளுக்கு 10 நிமிஷம் கூட்டியாச்சு'ன்னு எழுதினேன்.

முருகனை மனசுக்குள்ளேயே கூப்பிட்டுக்கிட்டேன்!