தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு கணினி

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர்தான். ஆனால் பஸ்ஸில் போவதென்றால் நேரம் எடுக்கும். கல்லடிப் பாலத்தைத் தாண்டி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று நின்று நின்றுதான் போகும். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி. பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் ஆரம்பிக்கிறது. அதற்கடுத்த ஊர் மருதமுனை. அதன் பிறகு பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு தொடர்கின்றன. எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று புதியவர்களுக்குத் தெரியாது. கோயில் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

மருதமுனையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் கண்டுபிடிக்கலாம். பிரதான வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் இறங்கினால் போதும், 'டக் டக்' என்று தறிச் சத்தம் கேட்கும். இந்த ஊரின் சாரனும் சேலையும் இலங்கை முழுவதும் பெயர் பெற்றவை.

இம்முறை நான் அங்கு போனது ஒரு தாயின் அழைப்பின் பேரில். சில வருடங்களுக்கு முன் ஒரு சேமிப்புக் குழுவின் மூலம் எனக்கு அறிமுகமானவர். அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மிஸ், ஒருக்கா வந்து இவட வாப்பாவோட பேசுங்க. புள்ளட படிப்ப நிப்பாட்டப் போறாராம்."

மகளுக்கு வயது 21. 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது நான்கு மாதக் குழந்தை. அன்று இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தக் குடும்பம் உயிர் தப்பியது. ஆனால் கடற்கரையோரம் இருந்த வீடும் அதற்குள் இருந்த தறியும் போய்விட்டன. இன்று இருக்கும் இரண்டு தறிகளும் அதன் பிறகு கடனும் உதவியுமாகச் சேர்ந்து வந்தவை.

அந்தப் பிள்ளை கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் வடிவமைப்பு டிப்ளோமா படிக்கிறாள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு இருக்கிறது. பக்கத்தில் கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படிக்கலாம். இவளுடைய உயர்தரப் பெறுபேறு இரண்டுக்கும் எட்டவில்லை. அதனால்தான் காசு கட்டிப் படிக்கும் இடம். இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த வருடத்துக்குப் புதிய மடிக்கணினியும், பேனையால் வரையும் பலகையும், கொழும்பில் ஆறு மாதம் தங்கும் செலவும் வேண்டும்.

வழியெல்லாம் நான் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். பெண்கல்வியின் அவசியம், பெண்ணின் உரிமை, சமூகக் கட்டமைப்பு என்று நான் பல்கலைக்கழகத்தில் படித்த சமூகவியல் எல்லாம் அதில் இருந்தது. வாப்பா மரியாதையாகக் கேட்டார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "மிஸ், நான் படிக்க வேணாமெண்டு சொல்லல்ல. கணக்கச் சொல்லுங்க. மற்றப் பக்கம் இவட வீடு மட்டத்தோட நிக்கிது."

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் தாய்வழிக் குடி முறை இருப்பதை வாசகியர் அறிவீர்கள். திருமணத்தின் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனவே ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு வீடு கட்ட வேண்டியது பெற்றோரின் கடமையாகிவிடுகிறது. பெண்ணுக்குச் சொத்தும் பாதுகாப்பும் தருகின்ற நல்ல வழக்கம்தான். அதே வழக்கம் ஒரு நெசவாளியின் இருபது வருட உழைப்பையும் விழுங்கிவிடுகிறது. கல்லுக்கும் சீமெந்துக்கும் போக வேண்டிய காசு கணினிக்குப் போகலாமா என்பதுதான் அந்த வீட்டின் கேள்வி.

பேச்சை விட்டுவிட்டு, "மகள் என்ன படிக்கிறா என்று எனக்குக் காட்டுங்கள்" என்றேன்.

அவள் படித்த கதை 2020இல் தொடங்குகிறது. கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடமெல்லாம் கைத்தொலைபேசியில் நடந்த காலம். உம்மாவின் போனில் வரைவதற்கான ஒரு செயலியை இறக்கி, விரலால் பூக்கள் வரைந்தாள். பிறகு மாமா ஒருவர் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொடுத்தார். அதில் யாரோ பூட்டு உடைத்துப் போட்ட போட்டோசொப் இருந்தது. 2013இலிருந்து அந்த நிறுவனம் தன் புதிய பதிப்புகளை மாதச் சந்தாவுக்கே கொடுத்து வருகிறது. அதை டொலர் கணக்கில் கட்ட வேண்டும். 2022இன் ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவானது. அந்த நேரத்தில் நூல் விலையும் ஏறி, தறியே நின்றுபோன வீட்டில் யார் சந்தா கட்டுவார்கள்? களவுப் பிரதியோடு வைரசும் வந்தது. ஒரு நாள் இரவு எட்டு மாத வேலை முழுவதும் அழிந்துவிட்டது.

"அண்டைக்கி அழுதன் மிஸ். உம்மா ஒண்டும் கேக்கல்ல. தார் சுத்திக்கிட்டே பக்கத்தில இருந்தா" என்றாள்.

அதன் பிறகுதான் காசு கேட்காத மென்பொருள்கள் இருப்பதை ஒரு தோழி சொன்னாளாம். வர்ணம் தீட்ட கிரீட்டா, கோட்டு வடிவங்களுக்கு 2003இல் வெளிவந்த இங்க்ஸ்கேப். இரண்டையும் உலகம் முழுவதிலுமுள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யாரும் இறக்கிக்கொள்ளலாம், களவு என்ற பேச்சே இல்லை. மின்சாரம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை துண்டிக்கப்பட்ட 2022 பங்குனிக் கடைசியிலும், கணினியில் சார்ஜ் இருக்கும் வரை அவள் பழகிக்கொண்டிருந்தாள்.

ஆங்கிலம்தான் அடுத்த தடை. தெரிவுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவள் ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். 'லேயர்' என்ற சொல்லுக்கு எதிரே 'பாய்க்கு மேல் பாய்' என்று எழுதியிருந்தாள். மேல் பாயை எடுத்தாலும் கீழ்ப் பாய் அப்படியே இருக்கும், ஒன்றில் பிழைத்தால் மற்றது கெடாது என்று விளக்கினாள். விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் விளக்கியதை உம்மாவுக்கு அவள் இப்படித்தான் புரிய வைத்தாளாம்.

தமிழ் எழுத்தும் அவளை அழ வைத்தது. போட்டோசொப்பில் 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி நிற்கும். அதனால்தான் எமது அச்சகங்கள் பல வருடங்களாக பாமினி எழுத்துருவையே பிடித்துக்கொண்டிருந்தன. எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை மாற்றினால் ஒருங்குறித் தமிழும் சீராக வரும் என்பதை அவள் தானாகத் தேடிக் கண்டுபிடித்தாள். வகுப்பில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவள்தான் காட்டிக் கொடுத்தாள்.

கல்லூரியில் முதன்முதலாகப் பேனைப் பலகையைத் தொட்டபோது கை நடுங்கியதாம். கை மேசையில், கண் திரையில். கையைப் பார்க்காமல் வரைய வேண்டும். மூன்று கிழமைக்குக் கோடு கோணல்மாணலாகவே போனது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த ராத்தா சிரித்தார். "நாங்க மிதிக்கிற காலப் பாத்தா நெய்யிறம்? கண்ணு துணியிலதான் இரிக்கும்."

பிறகு அவள் தன் முதல் துணி வடிவத்தைக் காட்டினாள். கரையில் வெள்ளை நுரை, அதிலிருந்து மெல்ல மெல்லக் கருநீலமாகும் கடல். சேலை முந்தானைக்காக வரைந்தது. கல்லூரியில் நல்ல புள்ளி கிடைத்ததாம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாப்பா, "இத நெய்ய ஆயிரம் கலர் நூல் வேணும். இதத்தான் மூணு வருஷம் படிச்சியா?" என்று கேட்டிருக்கிறார். படிப்பை நிறுத்தும் பேச்சு அங்கிருந்துதான் பிறந்தது.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. திரையில் இலட்சக்கணக்கான நிறங்கள் வரும். தறிக்கு வருவது கடையில் கிடைக்கும் நூல் மட்டும். இரண்டு மிதி வைத்த சாதாரண தறியில் கோடும் கட்டமும் நெய்யலாம். பூவும் மீனும் நெய்ய வேறு பொறி வேண்டும். பாவு ஓடும்போதே நெடுக்குக் கோடுகள் தீர்மானமாகிவிடும். அதன் பிறகு மனதை மாற்ற முடியாது. கணினியில் பிழைத்தால் ஒரு விசையைத் தட்டி மீட்கலாம், தறியில் பிழைத்தால் அவிழ்க்க வேண்டும்.

அவள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாளாம். மூன்றாம் நாள் உம்மாவிடம் போய், "வெள்ளையும் நீலமும் மட்டும் இருந்தா இந்தக் கடல நெய்ய ஏலுமா?" என்று கேட்டிருக்கிறாள். ராத்தா கையால் கணக்குச் சொன்னார். ஏழு இழை வெள்ளைக்கு ஒரு இழை நீலம். பிறகு ஆறுக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று. இப்படியே போனால் கடைசியில் ஒரு இழை வெள்ளைக்கு ஏழு இழை நீலம். இரண்டே இரண்டு நூல்தான், தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு ஏழு நீலம். கணினியும் குறைந்த நிறங்களை வைத்து அதிக நிறம் காட்ட இதே வித்தையைத்தான் செய்கிறது. சிறு புள்ளிகளை நெருக்கியும் ஐதாக்கியும் போடுகிறது. கல்லூரியில் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் படித்தவளுக்கு, அது தன் உம்மாவின் விரல் நுனியில் இருந்தது தெரிந்திருக்கவில்லை.

மகள் இங்க்ஸ்கேப்பில் கட்டம் போட்டாள். ஒரு கட்டம் ஓர் இழை. வீட்டிலிருந்த நூல் உருளைகளைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அந்த நிறங்களை மட்டுமே தன் நிறத்தட்டில் வைத்தாள். உம்மா சொன்ன கணக்கைப் போட்டு, ஆறு விதமாக மாற்றி ஒரே மாலையில் திரையில் காட்டினாள். முன்பென்றால் ஒவ்வொன்றையும் நெய்து பார்த்தால்தான் தெரியும்; நூலும் நாளும் வீணாகும். ஒன்றைத் தெரிந்தெடுத்து ஒரு முழம் நெய்தார்கள். திரையில் பளிச்சென்று தெரிந்த நீலம் துணியில் சற்று மங்கலாக வந்தது. ஒளி வேறு, சாயம் வேறு. அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

நான் அவர்களுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். 1804இல் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்ட் என்பவர் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறிப்பொறியை அமைத்தார். எந்த இழை உயர வேண்டும் என்பதைத் துளைகள் சொல்லும். அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் தன் கணிப்பொறிக்கும் அட்டை வைக்கத் திட்டமிட்டார். அந்தப் பொறிக்கு 1843இல் படிமுறை எழுதி வெளியிட்டவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண். உலகின் முதல் கணினி நிரல் அதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

வாப்பா சற்று யோசித்தார். "அப்ப தறிதான் மூத்தது" என்றார்.

ஆனாலும் அவருக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. இப்போது ஒரு வசனம் எழுதினால் இயந்திரமே படம் வரைந்து தருகிறதாமே, பிறகு எதற்கு இந்தப் படிப்பு? 2022இலிருந்து அத்தகைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவிவிட்டது உண்மை. மகள் அப்படி வரவழைத்த ஒரு சாரன் வடிவத்தைக் காட்டினாள். அழகாக இருந்தது. வாப்பா விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, கட்டங்கள் ஓரிடத்தில் பிசகி நிற்பதைக் காட்டினார். "இத எண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்று அவரே சொல்லி, பிறகு மௌனமானார். நாளை அந்த இயந்திரமும் எண்ணப் பழகலாம். அதை அவளும் மறுக்கவில்லை.

எனக்கு வேறொன்று மனதில் பட்டது. இந்த ஊரில் தார் சுற்றுவதும் பாவுக்கு நூல் எடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் கையில். கேட்டால், "சும்மா உதவிதான்" என்பார்கள். ராத்தா மனதில் வைத்திருக்கும் கட்டக் கணக்குகள் எத்தனை வருடமாக எத்தனை சாரன்களில் போயிருக்கும்? எதிலும் அவர் பெயர் இல்லை. மகள் அந்தக் கடல் வடிவத்தைச் சேமித்த கோப்பில் வடிவமைப்பாளர் என்ற இடத்தில் உம்மாவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தாள். ராத்தாவுக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசாமல் தேநீர் போட எழுந்து போனார்.

நான் புறப்படும்போது முடிவு வந்திருக்கவில்லை. "எனக்கு வீடு வேணாமெண்டு சொல்லல்ல வாப்பா. முதல்ல மேசை வேணும்" என்று அவள் கேட்டது மட்டும் நின்றது. மூன்று கிழமைக்குப் பின் ராத்தா அழைத்தார். கூரையை அடுத்த வருடம் போடலாம் என்று வாப்பா சொல்லிவிட்டாராம். ஆறு மாதத்துக்கு மட்டும். அதற்குள் அவள் போட்ட வடிவத்தில் நெய்த சேலை விற்க வேண்டுமாம். விற்குமா தெரியாது. விசைத்தறித் துணியோடும் இறக்குமதித் துணியோடும் விலையில் போட்டி போட இந்த ஊரால் முடியவில்லை.

அன்று பஸ்ஸில் ஏறும்போது ராத்தா என் கைப்பைக்குள் ஒரு துண்டுத் துணியைத் திணித்தார். முதலில் நெய்து பார்த்த ஒரு முழத்தில் மீந்தது. கல்லாற்றுப் பாலத்தில் அதை ஜன்னலோரம் விரித்துப் பார்த்தேன். கிட்டப் பார்த்தால் வெள்ளை இழையும் நீல இழையும்தான். கையை நீட்டிப் பிடித்தபோது கடல் தெரிந்தது.

வாசகியரே, உங்கள் வீட்டிலும் போனில் எதையோ வரைந்துகொண்டிருக்கும் ஒரு மகள் இருக்கலாம். திட்டுவதற்கு முன் ஒருமுறை பக்கத்தில் இருந்து, என்ன வரைகிறாய் என்று கேளுங்கள். உங்கள் கையில் இருக்கும் கணக்கு அவளுக்குத் தேவைப்படலாம்.