குறைந்த ஒலியில் ஓர் ஆண்டு: 2024இன் இசைத்தொகுப்புகள்

ஆண்டு முடியும் தறுவாயில் இசை கேட்போர் தத்தம் விருப்பப் பட்டியல்களை வெளியிடுவது வழக்கம். மெட்டல் இசையின் அன்பர்களிடம் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் வேகத்தையும் கனத்தையும் புதுமையையும் அளவுகோலாகக் கொண்டவை. ஹைதராபாத்தில் மொழியியல் ஆய்வு செய்யும் ஒரு பெண்மணியின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு மட்டும் வேறோர் அளவுகோல் வாய்த்தது. ஒலியளவைக் குறைத்த பிறகும் எஞ்சி நிற்பது எது என்பதே அது.

அவர் விரும்பித் தேர்ந்த அளவுகோல் அன்று அது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் முதன்முறையாக பெங்களூரு அரண்மனைத் திடலில் வாசித்தபோது கூட்டத்தில் இருந்தவர் அவர். 2011 அக்டோபரில் மெட்டாலிக்கா அதே திடலுக்கு வந்தபோதும் இருந்தார். இடையிலும் பின்னும் ஹெட்ஃபோனில் கழிந்த இரவுகளுக்குக் கணக்கில்லை. இவ்வாண்டின் தொடக்கத்தில் வலக்காதில் ஓயாத மெல்லிய இரைச்சல் ஒன்று குடியேறியது. செவித்திறன் பரிசோதனையின் வரைபடம் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளத்தைக் காட்டியது. மிகையொலியால் நேரும் செவிக்குறையின் அடையாளம் அது. ஒவ்வோர் உட்செவியிலும் மனிதர் பிறக்கும்போதே பெறுகிற மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

இழப்பு பொழுதுபோக்கோடு நின்றிருந்தால் அவர் பெரிதும் அஞ்சியிருக்க மாட்டார். அடிலாபாத் பகுதியின் கோலாமி மொழிப் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் பெயர்ப்பது அவருடைய அன்றாடப் பணி. ஓர் உரசொலியை இன்னோர் உரசொலியிலிருந்து பிரித்துக் காட்டும் கூறுகள் உயர் அதிர்வெண்களிலேதான் பெரிதும் தங்கியிருக்கின்றன. அந்தப் பகுதி மங்கினால் அவர் எழுதும் ஒலிபெயர்ப்பும் ஐயத்துக்கு உரியதாகும். வயது முதிர்ந்த பேச்சாளர்களின் குரலை மீண்டும் பதிவு செய்யும் வாய்ப்பு எப்போதும் கிடைத்துவிடாது.

ஆகவே கேட்பது என்பது வரவுசெலவுக் கணக்காயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் 4 மணி நேரமே மிஞ்சும். இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கும் மெலிந்த குரல்களை உயர்த்திக் கேட்க வேண்டியிருப்பதால், கள ஒலிப்பதிவுகளே வாரத்தில் 25 மணி நேரத்தை எடுத்துக்கொண்டன. எஞ்சிய 15 மணி நேரத்தை 90 டெசிபல் மெட்டலாக மாற்றினால் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். ஒரு தொகுப்பை ஒருமுறை உரக்கக் கேட்பது, பின்னர் உரையாடல் அளவுக்குத் தணித்துப் பலமுறை கேட்பது என்று அவர் ஒரு நெறியை வகுத்துக்கொண்டார்.

தணிந்த ஒலி என்பது அதே இசையின் சிறிய வடிவம் அன்று. ஒலியளவு குறையும்போது மனிதச் செவி தாழ்ந்த சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் விரைவாக இழக்கிறது என்பதை பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்ச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். மெட்டல் இசையில் நெஞ்சில் மோதும் டிரம்ஸின் அடியும் பாஸ் கிதாரின் அதிர்வும்தான் முதலில் விடைபெறுகின்றன. குரலும் கிதாரின் நடுச்சுரங்களும் எஞ்சுகின்றன. இசையமைப்பாளர் உண்மையில் எதை எழுதினார் என்பது அப்போது வெளிப்படையாகிறது.

இந்தச் சோதனையில் முதலில் தேறியது டென்வர் நகரத்து டெத் மெட்டல் குழுவான பிளட் இன்கன்டேஷனின் ‘அப்சல்யூட் எல்ஸ்வேர்’. இரண்டே படைப்புகள், ஒவ்வொன்றும் இருபது நிமிடத்தைக் கடப்பது, மும்மூன்று பகுதிகளாகப் பிரிவது. டேவிட் போவி 1977இல் ‘ஹீரோஸ்’ தொகுப்பைப் பதிவு செய்த பெர்லின் ஹன்சா ஒலிப்பதிவுக் கூடத்திலேயே இதுவும் பதிவானது. டேஞ்சரின் ட்ரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் ஒரு பகுதியில் சிந்தசைசர் வாசிக்கிறார். உரக்கக் கேட்கையில் சீற்றமான பகுதிகளே மனத்தை ஆட்கொள்கின்றன. தணித்துக் கேட்கையில் அச்சீற்றத்துக்கு இடையே விரியும் நீண்ட வெளிகள்தாம் கட்டடத்தின் தூண்கள் என்பது புலப்படுகிறது.

ஸ்வீடனின் ஓபெத் குழு நவம்பரில் தந்த ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ வேறு வகையில் வியப்பளித்தது. முதல் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் ஒரு செல்வக் குடும்பத்தின் தலைவர் இறக்கிறார்; அவருடைய உயில் வாசிக்கப்படுகையில் குடும்பத்தின் மறைபொருள்கள் அவிழ்கின்றன. இறுதிப் பாடல் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குப் பெயர் இல்லை. சட்ட ஆவணம்போல் பத்தி எண்களே உண்டு. 2008இன் ‘வாட்டர்ஷெட்’ தொகுப்புக்குப் பின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் தம் உறுமல் குரலுக்குத் திரும்பியது இதில்தான். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் கதைசொல்லியாகப் பேசுகிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். அந்த உறுமலைத் தணித்துக் கேட்டபோது ஒவ்வொரு மெய்யொலியும் செதுக்கியதுபோல் கேட்டது என்று மொழியியலாளர் குறித்து வைத்தார். இறந்தவரின் சினத்தை உச்சரிப்பே சுமந்து நின்றது.

ஷெல்லக் குழுவின் ‘டு ஆல் ட்ரெயின்ஸ்’ வெளியாவதற்குப் பத்து நாள் முன்பு, மே 7ஆம் நாள், அதன் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஆல்பினி மாரடைப்பால் காலமானார். வயது 61. ஓர் அறையில் இசைக்கலைஞர்கள் வாசிப்பது எப்படி ஒலிக்கிறதோ அப்படியே அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது பதிவுக் கலைஞராக அவர் கடைப்பிடித்த கொள்கை. ஒலியைச் செயற்கையாக நசுக்கி உரக்கக் காட்டும் வழக்கத்துக்கு நேர் எதிரானது அது. அரை மணி நேரம்கூட நீளாத இத்தொகுப்பில், இரண்டு அடிகளுக்கு நடுவே அறையின் காற்று கேட்கிறது. ஒலியைக் குறைத்தாலும் அந்தக் காற்று குறைவதில்லை.

மெட்டலுக்கு வெளியே நான்கு தொகுப்புகள் இடம்பெற்றன. போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸ் தம் 59ஆம் வயதில் தந்த ‘லைவ்ஸ் அவுட்க்ரோன்’ முதுமையையும் பிரிவுகளையும் பாடுகிறது. நாலா சினெஃப்ரோவின் ‘எண்ட்லெஸ்னெஸ்’ தொடர்ச்சி என்னும் பொருள்கொண்ட ஒரே தலைப்பின் கீழ் எண்ணிட்ட பத்துப் பகுதிகளாக ஓடுகிறது. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’, ஹூஸ்டனில் பல இசைஞர்கள் ஒன்றுகூடிய சடங்கு போன்றதொரு நிகழ்விலிருந்து பிறந்தது. அதில் பாடகரின் குரலுக்கும் கூட்டத்தின் குரலுக்கும் இடையே வேலி இல்லை.

அரூஜ் ஆஃப்தாபின் ‘நைட் ரெய்ன்’ அவருக்கு வீட்டருகே வந்து சேர்ந்த இசை. அதில் உள்ள ‘நா குல்’ பாடலுக்கு மூலம் 18ஆம் நூற்றாண்டில் ஹைதராபாத்தில் வாழ்ந்த மஹ் லகா பாய் சந்தாவின் உருதுக் கவிதை. அக்கவிஞரின் கல்லறை மவுலா அலிக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. அந்நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் அங்கே சென்றிராதவர், பாகிஸ்தானிய மரபினர் ஒருவர் நியூயார்க்கிலிருந்து பாடியதைக் கேட்ட பிறகு சென்று வந்தார். மிகக் குறைந்த ஒலியிலும் இந்தப் பாடலில் எதுவும் உதிரவில்லை. இரவின் அளவுக்கே எழுதப்பட்ட இசை அது.

இவ்வளவில் முடித்திருந்தால் அளவுகோல் தன் வெற்றியைத் தானே பாராட்டிக்கொண்டதாக ஆகியிருக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து மூவர் குழுவான அல்சரேட் அதைக் கலைத்தது. ஜூனில் வெளியான ‘கட்டிங் தி த்ரோட் ஆஃப் காட்’ ஏறத்தாழ ஒரு மணி நேர நீளமுடையது. தணித்துக் கேட்டபோது அது வெறும் சாம்பல் நிற மூட்டமாகக் கலங்கிப் போயிற்று. ஜேமி செயிண்ட் மெராட்டின் டிரம்ஸ் வாசிப்பு பாடலுக்குத் தாளம் போடுவதோடு நிற்பதில்லை; அலைபோல் எழுந்து கிதாரைச் சுமந்து செல்வது அதுவே. உடலில் அதிர்வு படாவிட்டால் அந்த அலை இல்லை. இந்த இசைக்கு உரத்த ஒலி மேற்பூச்சு அன்று. அதன் பொருளே அதுதான். எழுத்தில் பெயர்த்தால் இராகம் தப்பிப்போகும் பேச்சு உண்டு என்பதை அறிந்த மொழியியலாளருக்கு இதை ஏற்பது கடினமாக இருக்கவில்லை. தணிந்த ஒலியில் நிற்காதது தரம் குறைந்தது என்ற முடிவை அவர் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட்டார்.

பட்டியலில் தரவரிசை இல்லை. ஏழு தொகுப்புகள் ஒருபுறம். மறுபுறம் அல்சரேட் மட்டும், எதிரே ‘வாரம் ஒரு மணி நேரம்’ என்ற குறிப்புடன். டிசம்பரில் எடுத்த பரிசோதனையில் அந்தப் பள்ளம் ஆழமாகவில்லை, தூரவும் இல்லை. இரைச்சல் அப்படியே இருக்கிறது. கள ஒலிப்பதிவுகளில் ஐயத்துக்கு இடமான உரசொலிகளை இப்போது சக ஆய்வாளர் ஒருவரும் உடன் இருந்து கேட்டுச் சரிபார்க்கிறார். சனிக்கிழமை மாலைகளில் மட்டும் பணி நிற்கிறது, ஒலி உயர்கிறது. மீதமுள்ள அரை மணி நேரம் அடுத்த ஆண்டின் புதிய இசைக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.