மூட்டை வாங்க முதல் வேண்டும்

மளிகைச் செலவைக் குறைக்க என்ன வழி என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் "லீ பஜாருக்குப் போங்க" என்பார்கள். செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது அந்த மொத்த வியாபாரச் சந்தை. அரிசி, பருப்பு, வெல்லம், புளி, மஞ்சள் எல்லாம் லாரியில் வந்து மூட்டையாக இறங்கி, டெம்போ ஏறிச் சில்லறைக் கடைகளுக்குப் போகும் இடம். எங்கள் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. பணம் மிச்சமாவது உண்மை. அந்த மிச்சம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி.

அரிசி மண்டியில் வியாபாரம் குத்தூசியில் தொடங்கும். நடுவில் குழிந்த அந்தக் கூர் இரும்பைச் சாக்கில் செருகிச் சாய்த்தால் ஒரு பிடி அரிசி உள்ளங்கைக்கு வரும். ஊசியை உருவியதும் சாக்கைத் தேய்த்துவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். தெரிந்தவர்கள் அந்த அரிசியை ஊதிப் பார்ப்பார்கள், தவிடு எவ்வளவு பறக்கிறது என்று. நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார்கள். "புதுசுங்களா, பழசுங்களா?" "ஒரு வருசப் பழசுங்க்கா, தண்ணி நல்லா வாங்கும்." பழைய அரிசிக்கு விலை கூடத்தான். ஆனால் அதே ஆழாக்குக்குச் சோறு அதிகம் காணும், குழையாது, மறுநாள் வரை தாங்கும். புதிய அரிசி கிலோவுக்குச் சில ரூபாய் குறைகிறதென்று எடுத்தால் அந்தக் குறைச்சல் சோற்றிலும் தெரியும். மலிவு என்பதைப் பானையில்தான் கணக்குப் பார்க்க வேண்டும், சிட்டையில் அல்ல.

இப்போது அரிசிச் சிப்பம் பெரும்பாலும் 26 கிலோ. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பை கட்டி லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் வரி இல்லை. மில்காரர்கள் ஒரு கிலோ கூடுதலாகப் போட்டுச் சாக்கைத் தைத்துவிட்டார்கள். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிப்பமாக எடுப்பவருக்கு 78 ரூபாய் வரி மிச்சம். 5 கிலோ பை வாங்குபவர் கிலோவுக்கு 3 ரூபாய் வரி கட்டுகிறார். 1,560 ரூபாயை ஒரே மூச்சில் எடுத்து வைக்க முடிந்தவருக்கு வரி இல்லை, கையில் 300 ரூபாய் மட்டும் இருப்பவருக்கு உண்டு. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சாக்கைப் பிரித்து வைத்துத் தராசில் நிறுத்துக் கொடுக்கும் தெருமுனைக் கடையில் இந்த வரி கிடையாது. அந்தக் கடைகள் நிலைக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் வாங்கும்போதும் பாக்கெட்டில் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். அதே உயரத்தில் நிற்கும் இன்னொரு பாக்கெட்டில் 850 கிராம்தான் இருக்கலாம். ஒரு கிராம் என்ன விலை என்று இப்போது பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள். வெல்லத்தில், பளிச்சென்று மஞ்சளாக மின்னுவதை விட்டுவிட்டுக் கருத்ததைக் கேட்டு வாங்குங்கள். நிறத்துக்காகச் சர்க்கரையும் ரசாயனமும் கலந்த வெல்லத்தை உணவுப் பாதுகாப்புத் துறையினர் இந்த மாவட்டத்தில் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள்.

மாசி, பங்குனியில் புதுப் புளியும் வரமிளகாயும் வந்து குவியும். வருடத்துக்கும் சேர்த்து வாங்க அதுதான் நேரம். கொட்டைப் புளி விலை குறைவு. அதைத் தட்டிக் கொட்டை எடுத்து, நார் உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்துப் பானையில் அடக்க வேண்டும். மிளகாய்க்குக் காம்பு கிள்ளி, மாடியில் காயப்போட்டு, மிஷினுக்குக் கொண்டுபோய் அரைக்க வேண்டும். கிள்ளின கை ராத்திரி முழுக்க எரியும், தேங்காயெண்ணெய் தடவினாலும். பாக்கெட் மிளகாய்த்தூளுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தைத்தான் "மிச்சம்" என்று சொல்லிக்கொள்கிறோம். அதில் பெரும்பகுதி வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்காத கூலி. சிக்கனம் பற்றிப் பேசுகிறவர்கள் இதை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலேயே கொலுசுப் பட்டறைகளில் கூலிக்கு வேலை செய்பவர்களும், மண்டியில் மூட்டை சுமப்பவர்களும் இருக்கிறார்கள். நாள் முழுக்க அரிசிச் சிப்பத்தை முதுகில் ஏற்றி இறக்குகிறவர் சாயங்காலம் வீட்டுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோவாக அரிசி வாங்கிப் போகிறார். பத்து ரூபாய் மிளகாய்த்தூள், சின்ன பாக்கெட் எண்ணெய், மீதி கடையில் நோட்டுக் கணக்கு. அவருக்கு விலை தெரியாமல் இல்லை, எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். முதல்தான் இல்லை. அவர் வீட்டில் சாக்கு வைக்க இடமும் இல்லை.

இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது ரேஷன் கடைதான். 1972-இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் மாநிலம் முழுவதற்குமாகச் சேர்த்து மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. தனியாக ஒரு மூட்டை எடுக்க முடியாதவர்களுக்கு அரசே மூட்டை எடுத்துப் பிரித்துக் கொடுக்கிறது. 2007-இலிருந்து துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் கிடைக்கின்றன, பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2015-இல் துவரம் பருப்பு வெளிச் சந்தையில் 200 ரூபாயைத் தொட்டபோது ரேஷனில் கிடைத்த ஒரு கிலோ எத்தனை வீட்டில் சாம்பாரை நிறுத்தாமல் காத்தது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். ரேஷனை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். அதே ஆட்கள் மண்டியில் மொத்த விலைக்குப் பேரம் பேசுவதைச் சாமர்த்தியம் என்பார்கள்.

எங்கள் தெருவில் சில வீடுகள் சேர்ந்து பருப்பையும் புளியையும் மூட்டையாக எடுத்துப் பங்கு போடுகிறோம். ரொக்கம் இருப்பவர் முதலில் போடுவார். பட்டறைக்குப் போகும் அக்கா சனிக்கிழமை கூலி வந்ததும் தன் பங்கைக் கொடுப்பார். யாரும் அவரிடம் வட்டி கேட்டதில்லை. புளி தட்டுவதும் மிளகாய் கிள்ளுவதும் ஒரே மாடியில் நடக்கும். வீட்டு ஆண்களும் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார வேண்டும் என்று இந்த வருடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள்.