கிண்டியில் ஒரு குதிரை வீராங்கனை

திருப்பாலைவனம் என்ற பெயரைக் கேட்டு மணற்காட்டை நினைக்க வேண்டுவதில்லை. பாலை மரங்கள் அடர்ந்த வனமாயிருந்தமையால் வந்த பெயர் அது. அங்கே திருப்பாலீசுவரரைத் தரிசித்துவிட்டுச் சில மைல் சென்றால் பழவேற்காட்டு ஏரியும் மீனவர் குப்பங்களும் தென்படும். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது அம் மக்களின் பழைய வழக்கம். ஆழமற்ற நீரில் கழியூன்றித் தோணி செலுத்துவதில் வல்லவர் யார் என்று கேட்டால், சிறு பிள்ளையும் பெயர் சொல்லும்.

பட்டணத்திலோ இதற்கு நேர்மாறான தொழில் ஒன்று உண்டு. அங்கே குதிரையின் பெயரைக் கேட்பார்கள்; ஓட்டுகிறவர் பெயரைக் கேட்பவர் சிலரே. அந்தத் தொழில் நடந்த இடத்தைப் பார்க்க எண்ணி, பொன்னேரியில் மின்சார ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நிலையத்தில் வண்டி மாறிக் கிண்டியை அடைந்தோம்.

கிண்டியில் வெள்ளைக்காரர் 1777ஆம் ஆண்டிலேயே குதிரைப் பந்தயம் நடத்தினர். பந்தயத்தில் பணம் வைத்து அழிந்த குடும்பங்கள் அநேகம். அந்தச் சூதாட்டத்துக்கு நாம் பரிந்து பேச வரவில்லை. நாம் சொல்ல வந்தது 'ஜாக்கி' என்னும் குதிரையோட்டியைப் பற்றி. பொழுது விடியுமுன் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். உடல் எடை கூடாதபடி வாயைக் கட்ட வேண்டும். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். குறித்த எடைக்குக் குறைந்தால், சேணத்தில் ஈயத் தகடு வைத்து ஈடு செய்வார்கள்.

1943இல் பம்பாய் மகாலட்சுமி மைதானத்தில் நடந்த முதல் இந்தியன் டெர்பியில், பரோடா மகாராஜாவின் குதிரையை ஓட்டி வென்றவர் எட்கர் பிரிட் என்ற ஆஸ்திரேலியர். நம்மவர் பணம், அந்நியர் கைவன்மை! அந்நிலை பிற்காலத்தில் மாறியது. மாற்றத்தின் முத்தாய்ப்பாகச் சென்னையில் தோன்றியவர் ரூபா சிங் என்னும் பெண்மணி. குதிரை பழக்குவதே குலத்தொழிலாகக் கொண்ட ராஜஸ்தானியக் குடும்பம். பாட்டனார் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் குதிரை பழக்கியவர்; தகப்பனார் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர்; சகோதரரும் ஜாக்கி. ஆயினும் பெண் என்ற காரணத்தால் ஆரம்பத்தில் நல்ல குதிரைகள் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த குதிரைகளிலேறி வென்று நம்பிக்கையைச் சம்பாதித்தார். நூற்றுக்கணக்கான பந்தயங்களில் முதலாவதாக வந்தார். போலந்து தேசத்திலும் பன்னாட்டுப் பெண்களோடு போட்டியிட்டு வெற்றி கண்டார். இவ்வளவு இருந்தும், நம் வீடுகளில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1996இல் சுப்ரீம் கோர்ட்டு, பந்தய வெற்றி வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று, குதிரையின் பயிற்சியும் ஓட்டுகிறவரின் திறமையும் சேர்ந்தே அதை நிர்ணயிக்கின்றன என்று தீர்ப்பளித்தது. சட்டமே ஜாக்கியின் திறமைக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

2024 செப்டம்பரில் அரசு மைதானத்தின் குத்தகையை ரத்துச் செய்தது. பிறகு அந்நிலத்தில் மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டப்பட்டன. வெள்ளத்தில் தவிக்கும் நகருக்கு அது நன்மையே. ஆனால் மைதானத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏக்கரையும் வாடகை பாக்கியையும் கணக்கிட்டார்களேயன்றி, அங்கே உயிரைப் பணயம் வைத்துச் சவாரி செய்தவர்களைக் கணக்கிட்டவர் அரியர். சூதை ஒழிப்பது தேசத்துக்கு நலம். அதற்காகத் திறமையையும் சேர்த்து மறந்துவிடுவது நியாயமாகாது.